மாதத்துக்கு இரண்டு துண்டு

ரத்தினத்துக்கு ஞாயிற்றுக்கிழமை விடிவது பொழிச்சலூரில் இல்லை, பல்லாவரத்தில் சேட்டு கறிக்கடை வாசலில்தான். பஜாஜ் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பி, எதிர்வீட்டுக் கேட்டின் முன்னால் நின்று ஹாரன் அடித்தால் போதும், சவுரிமுத்து தலையைக்கூடச் சீவாமல் ஓடிவந்து பின்னால் ஏறிக்கொள்வான். பூசைக்கு நேரமாகிறது என்று உள்ளேயிருந்து அவன் மனைவி அருள்மேரி சொல்வது ஸ்கூட்டர் சத்தத்தில் இருவர் காதிலும் விழாது.

கடையில் எத்தனை கூட்டம் இருந்தாலும் சேட்டு ரத்தினத்தைப் பார்த்ததும் தலையசைப்பார். தொங்கும் ஆட்டைச் சுற்றி வந்து, விரலால் அழுத்திப் பார்த்து, "இங்க போடு சேட்டு, நெஞ்செலும்போட. அந்தக் கொழுப்பை எடுக்காத, அதான் ருசியே" என்று ரத்தினம் சொல்லச் சொல்லக் கத்தி இறங்கும். சவுரிமுத்து பக்கத்தில் பையை விரித்துப் பிடித்தபடி நண்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அந்தப் பார்வைக்காகவே ரத்தினம் இன்னும் கொஞ்சம் நேரம் துண்டு பொறுக்குவான்.

சமையலும் அவன்தான். மனைவி சரசு மசாலாவை அரைத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். பூசை முடிந்து சவுரியின் குடும்பம் வந்து உட்கார்ந்ததும் முதல் கரண்டி சவுரியின் இலையில் விழும். அவன் வாயில் வைத்துக் கண்ணை மூடி, "மச்சான், இன்னாடா கை உனுது" என்றால்தான் மற்றவர்களுக்குப் பரிமாறவே ரத்தினத்துக்குக் கை வரும்.

இருவரும் டெலிபோன் இலாகாவில் லைன்மேன்கள். ஒருவன் கம்பத்தில் ஏறினால் மற்றவன் கீழே ஏணியைப் பிடிப்பான். இருபது வருஷமாக அப்படித்தான். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாத ரத்தினத்துக்கு சவுரி நண்பன் மட்டும் இல்லை. அதை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் சவுரியின் சொந்த அண்ணன் ஊரிலிருந்து வந்து நாலு நாள் தங்கினால், அந்த நாலு நாளும் ரத்தினம் யாரோடும் சரியாகப் பேசமாட்டான். சவுரியோடு வேறொருவர் சிரித்துப் பேசினால் அவனுக்கு வயிறு காந்தும். தவக்காலம் வந்து சவுரி கறியை ஒதுக்கும்போது, கர்த்தர் மீதே அவனுக்கு லேசாக வருத்தம் உண்டு.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் ஈஸ்டருக்கு ரத்தினம் வழக்கத்தைவிட அதிகமாகவே கறி எடுத்தான். தவக்காலம் முழுக்கக் காய்ந்துபோன நண்பனுக்குக் குழம்பு, சுக்கா, ஈரல் வறுவல் என்று அடுக்கினான். சவுரி எழுந்திருக்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தான்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை பம்மலில் ஒரு கம்பத்தின் மேல் சவுரிக்கு நெஞ்சு அடைத்தது. கீழே ஏணியைப் பிடித்திருந்த ரத்தினத்தின் தோளில் முதலில் இடுக்கி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தான். சவுரி இரண்டு கையாலும் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் எப்படி இறங்கினான் என்பது இருவருக்கும் தெரியாது. முகம் சாம்பல் பூத்து, சட்டை நனைந்து, "மச்சான், யானை ஏறி நிக்கறாப்பல கீதுடா" என்றவனை ரத்தினம் அப்படியே தோளில் சாய்த்துக்கொண்டு, போன ஆட்டோவை மறித்து, குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

சவுரி பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்த வார்டுக்குள் மனைவியைத் தவிர யாரையும் விடவில்லை. வெளியே மர பெஞ்சில் ரத்தினம் காத்துக் கிடந்தான். ஆபீசுக்கு லீவு போட்டான், சவரம் செய்யவில்லை, சரசு கொண்டுவந்த சோற்றைத் தொடவில்லை. ஒருவழியாக உள்ளே விட்டபோது ஓடிப்போய்க் கட்டில் ஓரம் நின்றான். சவுரி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கட்டிலைக் காட்டினான்.

"மச்சான், இவர்தான்டா அத்தாவுல்லா பாய். ராத்திரியெல்லாம் நான் பயந்துகினு கெடந்தேன். இவர் தூங்கவே இல்லை தெரியுமா. தண்ணி குட்த்தார், நர்சைக் கூப்டார். எனுக்காக ஓதுனார்டா."

பக்கத்துக் கட்டிலில் தாடி வைத்த ஒல்லியான மனிதர் எழுந்து உட்கார்ந்து சலாம் சொன்னார். பல்லாவரத்தில் ஹார்டுவேர் கடை, வீடு பம்மலில். இது அவருக்கு இரண்டாவது தடவை என்றார். "முதல் தடவை டாக்டர் சொன்னதைக் கேக்கல. இப்ப கேக்கறேன். நீங்க கவலைப்படாதீங்க, சவுரியை நான் பாத்துக்கறேன்."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அந்த ஆள் சொன்னது ரத்தினத்தின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. நன்றி சொல்ல வேண்டிய இடம். "சரி பாய்" என்று மட்டும் சொன்னான்.

வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டரம்மா அருள்மேரியையும் சவுரியையும் உட்கார வைத்துச் சொன்னபோது ரத்தினமும் கூட இருந்தான்.

"பீடி கூடவே கூடாது. தினம் நடக்கணும். ஆட்டுக்கறி, மாட்டுக்கறி ரெண்டையும் நல்லாக் குறைக்கணும். முதல் ஒரு மாசம் வேண்டவே வேண்டாம். அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை, கொழுப்பு இல்லாத துண்டு ரெண்டு. மீன் சாப்பிடலாம், பொரிக்காம குழம்பு வெச்சு. கோழின்னா தோலை எடுத்துடுங்க. கீரை, பருப்பு, காய் நிறைய சேருங்க."

ரத்தினம் குறுக்கே கேட்டான். "கறி துன்னதாலதான் வந்துச்சா டாக்டர்?"

"அதனால மட்டும்னு சொல்ல முடியாது. பீடி இருக்கு, அவரோட அப்பாவுக்கும் இதே வந்திருக்கு. ஆனா ரத்தக் குழாய்ல கொழுப்பு படியறதுல கறிக்கும் பங்கு இருக்கு. குறைச்சா கண்டிப்பா நல்லது."

அருள்மேரி ரத்தினத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததே அவனுக்கு உறுத்தியது.

அதன் பிறகு எல்லாம் மாறிப்போனது. சவுரியைக் கம்பம் ஏறக்கூடாது என்று ஆபீசில் புகார் வாங்கும் மேஜைக்கு மாற்றினார்கள். ரத்தினத்தின் ஏணியை யாரோ ஒரு புதுஆள் பிடித்தான், பிடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை ஹாரன் அடிக்க வேலையில்லை. தனியாகப் போய்த் தனியாகக் கறி வாங்கி வந்து ஆக்கினால் வீட்டில் சரசு, "உப்பு கம்மி" என்றாள். சவுரி ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

இதைவிடப் பெரிய சங்கடம் காலையில் இருந்தது. ஏர்போர்ட் மதிலை ஒட்டிய சாலையில் தினமும் சவுரியும் அத்தாவுல்லா பாயும் நடந்தார்கள். பாய் பம்மலிலிருந்து பொழிச்சலூர் முனை வரைக்கும் வந்து காத்திருப்பார். தன் வீட்டு மொட்டைமாடியில் நின்று பல் துலக்கியபடி ரத்தினம் பார்ப்பான். இரண்டு பேரும் கையை வீசிக்கொண்டு போவார்கள். ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். விமானம் தாழப் பறந்து போகும்போது இருவரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்ப்பார்கள். அதைப் பார்த்ததும் ரத்தினம் வாயிலிருந்த பற்பசையைத் துப்பிவிட்டுக் கீழே இறங்கிவிடுவான்.

"போய் நீங்களும் நடங்களேன்" என்றாள் சரசு. "சவுரி அண்ணன் கூப்ட்டாரு இல்ல?"

கூப்பிட்டது உண்மைதான். ரத்தினம் ஒரு நாள் போகவும் செய்தான். ஆனால் வழியெல்லாம் அவர்கள் பேசியது அவனுக்குப் புரியவில்லை. எந்த மாத்திரைக்குத் தலைசுற்றுகிறது, ஈ.சி.ஜி. எடுக்கும்போது அந்தக் களிம்பு எப்படிச் சில்லென்று இருந்தது, இடது கை மரத்தால் எப்போது பயப்பட வேண்டும், எப்போது வேண்டாம். பெரிய சண்டையிலிருந்து சேர்ந்து திரும்பிய சிப்பாய்கள் மாதிரி பேசிக்கொண்டார்கள். நடுவில் சவுரி அன்போடுதான் சொன்னான். "மச்சான், உனுக்கு இதெல்லாம் போரடிக்கும்டா. நீ கெட்டியான ஆளு, உனுக்கு இன்னா." அந்தக் கெட்டியான ஆள் மறுநாளிலிருந்து போகவில்லை.

சவுரியோ நாளுக்கு நாள் இளைத்து அழகானான். தொப்பை போய், கல்யாணத்தின்போது தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பூசைக்குப் போனான். தெருவே அவனை நிறுத்தி விசாரித்தது. "சவுரி அண்ணனைப் பாருங்க" என்று சரசுவும் சொன்னாள். அருள்மேரி வெந்தயக்கீரை, சுரைக்காய், கொள்ளு என்று வாங்கிக்கொண்டு போனாள். எதை எப்படி எண்ணெய் குறைத்து ஆக்குவது என்று பாயின் மனைவி ஷம்சாத் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாளாம். அதைச் சரசு மூலம் கேட்டபோது ரத்தினத்துக்கு முகம் இறுகியது. சவுரி வீட்டு அடுப்பு வரைக்கும் பாய் குடும்பம் போய்விட்டதா?

ஆனாலும் அவனிடம் ஒரு துருப்பு இருந்தது. டாக்டரம்மாவே சொன்னதுதான். முதல் மாசம் போனதும், மாசத்துக்கு ஒரு தடவை இரண்டு துண்டு. அந்த இரண்டு துண்டு தன் கையால்தான் என்று ரத்தினம் முடிவு செய்துவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. சேட்டுவிடம் போய், வாழ்க்கையில் முதல் தடவையாக, "கொழுப்பில்லாம குடு" என்றான். சேட்டு சந்தேகமாகப் பார்த்தார். தொடைக்கறியில் வெள்ளையாக இருந்ததையெல்லாம் வீட்டுக்கு வந்து தானே கத்தியால் வழித்தெடுத்தான். எண்ணெயை ஸ்பூனால் அளந்து விட்டான். மிளகும் இஞ்சியும் கூட்டி, தேங்காயைத் தொடாமல், மெல்லிய தீயில் வேகவைத்தான். வாசனை அவனுக்கே புதிதாக, நன்றாக இருந்தது. அதில் நல்ல இரண்டு துண்டாகப் பொறுக்கிச் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்து மூடி, மாப்பிள்ளைக்குச் சீர் கொண்டுபோகிறவன் மாதிரி தெருவைக் கடந்தான்.

கதவைத் திறந்த அருள்மேரி கிண்ணத்தைப் பார்த்தாள்.

"இன்னாண்ணா இது?"

"சவுரிக்கு. பயப்படாத மேரி. கொழுப்பே கெடையாது. ரெண்டே துண்டு. டாக்டரம்மா சொன்ன கணக்குதான்."

அவள் முகம் வாடியது. "ஐயோ அண்ணா. இந்த மாசத்துது முடிஞ்சிருச்சே. பக்ரீத்துக்கு பாய் வூட்டுல கூப்ட்டாங்க. ரெண்டு துண்டு அங்கயே சாப்ட்டுட்டாரு."

கிண்ணம் கையில் சுட்டது. உள்ளே ரேடியோவோடு சேர்ந்து சவுரி ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது.

"அடுத்த மாசம் கண்டிப்பா உங்க வூட்டுலதான் அண்ணா" என்றாள் அருள்மேரி.

"பரவால்ல மேரி. இன்னா இப்ப" என்று சொல்லித் திரும்பி வந்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த இரண்டு துண்டையும் நின்றபடியே வாயில் போட்டு மென்றான். அவன் வாழ்நாளில் ஆக்கியதிலேயே சிறந்த கறி அது.

இருபது வருஷமாகப் பார்த்துப் பார்த்துப் போட்ட கை இது. அந்தக் கைக்கு இல்லாத மரியாதை, ஆஸ்பத்திரியில் நாலு நாள் பக்கத்தில் படுத்திருந்தவன் வீட்டுக் கறிக்கா? சவுரி கறியையே விட்டிருந்தால் அவன் பொறுத்திருப்பான். அங்கே தின்றுவிட்டு இங்கே வேண்டாம் என்றதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அதிலிருந்து ரத்தினம் வீம்புக்குச் சாப்பிட்டான். சவுரியின் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டான். ஞாயிறு போதாமல் புதன்கிழமையும் சேட்டு கடைக்குப் போனான். ஜன்னலைத் திறந்து வைத்து, எதிர்வீட்டுக்கு வாசனை போகட்டும் என்று வறுத்தான். தெருவில் சவுரி எதிர்ப்பட்டால், "ஆபீசுக்கு நேரமாச்சு" என்று ஸ்கூட்டரை முறுக்கினான். சவுரி கையைத் தூக்கியபடி நிற்பது கண்ணாடியில் தெரியும். தெரியட்டும்.

ஆடி போய் ஆவணி வந்தது. கம்பத்தில் ஏறி இறங்கினால் மூச்சு வாங்கியது. இடுப்புப் பெல்ட்டில் புதுத் துளை போட வேண்டியிருந்தது. ஒரு நாள் ஆபீஸ் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டான். அப்போது அவன் மனசில் ஒன்று ஓடியது. வேறு யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று. எனக்கும் வந்திருக்குமோ என்று நினைத்தான். அந்த நினைப்பில் பயத்தைவிட ஆசைதான் அதிகம் இருந்தது.

வந்துவிட்டால் அவனும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடுவான். மாத்திரை, களிம்பு, மரத்துப்போன கை, எல்லாம் அவனுக்கும் புரியும். சவுரி பதறிக்கொண்டு ஓடிவருவான். பாய் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான்.

மறுநாள் ஆபீசுக்கு என்று சொல்லிக் கிளம்பி, அதே ஆஸ்பத்திரிக்குப் போனான். அதே டாக்டரம்மா. "நெஞ்சுல ஒரு மாதிரியா கீது டாக்டர்" என்று கொஞ்சம் கூட்டியே சொன்னான். அவர் குழாய் வைத்துக் கேட்டார், கையில் பட்டை சுற்றிப் பிரஷர் பார்த்தார், ஈ.சி.ஜி. எடுத்தார், வெறும் வயிற்றில் வந்து ரத்தம் கொடுக்கச் சொன்னார். முடிவு வாங்கப் போன அன்று ரத்தினம் பரீட்சை எழுதியவன் போல உட்கார்ந்திருந்தான்.

"ஈ.சி.ஜி. பரவாயில்ல" என்றார் டாக்டரம்மா. அவன் முகம் தொங்கியது. "ஆனா கொலஸ்ட்ரால் ரொம்ப அதிகம். இருநூத்தி எண்பதைத் தாண்டியிருக்கு. பிரஷரும் இருக்கு."

சவுரியினுடையது இருநூற்று அறுபது. அது ரத்தினத்துக்கு மனப்பாடம்.

"அப்ப சவுரிமுத்துவைவிட எனக்கு ஜாஸ்தியா டாக்டர்?" என்று சிரித்த முகமாகக் கேட்டான்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சிரிக்கற விஷயமா இது? இதே மாதிரி போனா அடுத்து அந்தக் கட்டில்ல நீங்கதான். அவருக்கு நல்ல நேரம், கீழே ஏணியப் பிடிக்க ஒருத்தர் இருந்தார்."

வெளியே வந்து பஸ் ஏறும்வரைக்கும் அந்தச் சந்தோஷம் இருந்தது. பல்லாவரம் வருவதற்குள் அது வடிந்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்தவனுக்கு அன்று கம்பத்தின் மேல் பார்த்த முகம் கண்முன் வந்தது. சாம்பல் பூத்த முகம். கம்பத்தைக் கட்டிக்கொண்ட இரண்டு கைகள். இப்போது தன் ஏணியைப் பிடிப்பவன் வேடிக்கை பார்க்கிற புதுஆள்.

வீட்டில் சரசு தட்டில் சோறு போட்டு, மீந்த கறிக்குழம்பை ஊற்றினாள். மேலே மஞ்சளாக எண்ணெய் மிதந்தது. ரத்தினம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். ஆசைப்பட்டுத்தான் போனேன் என்பதையும் சொன்னான்.

சரசு கரண்டியை வீசி எறிந்தாள். "நோவு வரணும்னு ஆசைப்பட்டுப் போன ஆம்பளைய நான் எங்கயும் பார்த்ததில்ல. அந்தப் பாய் மேல எரிஞ்சு எரிஞ்சு எனக்குத் தாலி இல்லாமப் பண்ணப் பாக்கறீங்களா?" அழுதாள். அழுதுகொண்டே தட்டை எடுத்துப் போய், தயிர்சாதம் பிசைந்து கொண்டுவந்து வைத்தாள். அதை அவன் வழித்துச் சாப்பிட்டான்.

காலையில் ரத்தினம் செருப்பை மாட்டிக்கொண்டு ஏர்போர்ட் மதில் பக்கம் போனான். அவர்கள் இரண்டு பேரும் எதிரே வந்தார்கள். சவுரி தூரத்திலிருந்தே கையைத் தூக்கினான். பக்கத்தில் வந்ததும் ரத்தினம் சொல்ல நினைத்தது வேறு, வாயில் வந்தது வேறு.

"பாய் வூட்டுக் கறி மட்டும் உனுக்கு நெஞ்சை அடைக்காதாடா?"

சவுரிக்குப் புரியவில்லை. "இன்னா மச்சான் சொல்ற?"

"பக்ரீத்துக்குத் துன்ன இல்ல? நான் கிண்ணத்துல எடுத்துகினு வந்து நின்னேன்டா. உன் பொண்டாட்டி முடிஞ்சிருச்சுன்றா. இருவது வருசம்டா சவுரி. ஒரு மாசத்துக்கு ரெண்டு துண்டு. அதைக்கூட எனுக்கு வெச்சிருக்கக் கூடாதா?"

அத்தாவுல்லா பாய் தாடியைத் தடவினார். "தம்பி, பெருநாளாச்சே, கூப்பிட்டேன். தப்பா நினைக்காதீங்க."

"நீ கம்முனு இரு பாய்" என்றான் சவுரி. அவன் குரல் உயர்ந்து ரத்தினம் கேட்டதே இல்லை. "டேய், பாய் வூட்ல ரெண்டு துண்டு துன்னுட்டு என்னால எந்திரிச்சு வர முடிஞ்சுதுடா. உன் வூட்ல முடியுமா? உன் குழம்பு வாசனை வந்தாலே நான் எங்க வூட்டு ஜன்னலைச் சாத்திகினு கெடக்கறேன். மேரியைக் கேளு. உன் இலைல குந்துனா நான் ரெண்டோட நிறுத்த மாட்டேன்டா. நீயும் நிறுத்த வுட மாட்டே. எனுக்குக் கறியால பயமில்ல, உன் கையாலதான் பயம். ரெண்டு பொம்பளப் பசங்க கீதுடா எனுக்கு."

"அப்ப எங்க வீட்டுக் கறி அவ்வளவு மோசமா?" என்று பாய் கேட்டார்.

சவுரி அவரைப் பார்த்தான். "கோச்சுக்காதே பாய். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நிறுத்த முடிஞ்சுது."

பாய்க்கு முகம் சுருங்கியது, பிறகு தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்பது புரிய ரத்தினத்துக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "ஷம்சாத் காதுல மட்டும் விழ வேணாம்" என்றார்.

அந்தச் சிரிப்பில் ரத்தினத்தால் கலந்துகொள்ள முடியவில்லை. மதிலோரம் குத்துக்கல்லில் உட்கார்ந்துவிட்டான். "எனுக்கு இருநூத்தி எம்பதுக்கு மேல கீதாம்டா" என்றான். அதுவரைக்கும் அதை வெற்றிச் செய்தி மாதிரி சொல்லத்தான் ஒத்திகை பார்த்திருந்தான். வந்தது குழந்தை அழுகிற குரல்.

சவுரி சடாரென்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் முதுகில் கை வைத்தான். மறு பக்கம் பாய் உட்கார்ந்தார். மாத்திரை என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்று பாய்தான் முதலில் கேட்டார்.

அந்தப் புரட்டாசி சரசுவுக்கு வசதியாகப் போயிற்று. பெருமாளுக்கு என்று வீட்டில் கறியை நிறுத்தினாள். மாசம் முடிந்த பிறகும் டாக்டருக்கு என்று தொடர்ந்தாள். முதலில் ரத்தினத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு வெறிச்சென்று இருந்தது. கத்திரிக்காயையும் முருங்கைக்கீரையையும் விரோதி மாதிரி பார்த்தான். பிறகு பொறுக்காமல் கரண்டியைத் தானே கையில் எடுத்தான். கறிக்குப் போட்ட அதே மிளகையும் சோம்பையும் கொள்ளிலும் காளானிலும் போட்டுப் பார்த்தான். சங்கரா மீனைப் பொரிக்காமல் புளிக்குழம்பில் பக்குவமாக இறக்கினான். நாக்குக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சமாதானம் ஏற்பட்டது. கறி நினைப்பு வராமல் இல்லை. சேட்டு கடை வழியாகப் போகும்போது ஸ்கூட்டர் தானாக மெதுவாகும்.

மாசத்தில் ஒரு ஞாயிறு மட்டும் மூன்று குடும்பமும் ரத்தினம் வீட்டில் சாப்பிட்டது. அரைக்கிலோ தொடைக்கறி, ஆளுக்கு இரண்டு துண்டு, மீதி இடமெல்லாம் காயும் பருப்பும். பரிமாறும் கரண்டி சரசுவிடம். ரத்தினத்தை நம்பிக் கொடுக்க யாரும் தயாராக இல்லை. சவுரி முதல் துண்டை வாயில் வைத்துக் கண்ணை மூடினான். ஷம்சாத் சாப்பிட்டுவிட்டு மசாலாவை விரலில் தொட்டு நக்கிப் பார்த்தாள். பிறகு, "இஞ்சி எவ்ளோ போட்டீங்க அண்ணா?" என்று கேட்டாள். அன்று முழுக்க ரத்தினத்தின் கால் தரையில் பாவவில்லை.

பொங்கல் கழிந்து ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது அவனுக்கு இருநூற்றிருபதாகக் குறைந்திருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. டாக்டரம்மா சந்தோஷமாகச் சொன்னார். ரத்தினம் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, "சவுரிக்கு எவ்ளோ டாக்டர், பாய்க்கு எவ்ளோ?" என்றான். இரண்டு பேருக்கும் அவனைவிடக் குறைவுதான். திரும்பி வருகிற வழியெல்லாம் உம்மென்று வந்தான். மறுநாளிலிருந்து மதிலோரம் இன்னும் ஒரு சுற்று கூடுதலாக நடந்தான்.

நடக்கும்போது சவுரி நடுவில் வருவான். அவன் தலை எந்தப் பக்கம் அதிகம் திரும்புகிறது என்று ரத்தினம் பார்த்துக்கொண்டே வருவான். பாய் பக்கம் திரும்பி நீளமாகப் பேசினால் வயிறு காந்தத்தான் செய்தது. முன்பு போல் வீட்டுக்கு ஓடிவிடுவதில்லை, அவ்வளவுதான். கூடவே நடந்தபடி காந்தினான்.

மாசி மாதத்தில் ஒரு காலை சவுரி புதிதாக ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தான். பெயர் ராஜகோபால். பம்மல் பக்கத்து ஸ்கூல் வாத்தியார், அதே ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. சட்டைப் பையில் மாத்திரை டப்பாவும் முகத்தில் பயமுமாக இருந்தார்.

"மெதுவா சார், மெதுவா. அவசரமே இல்ல" என்று சவுரி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "ஈ.சி.ஜி. எடுக்கச்சொல்ல அந்தக் களிம்பு சில்லுனு இருந்துச்சு இல்ல? எனுக்கும் அப்படித்தான் சார். கறியை நெனச்சுக் கவலப்படாதீங்க. மாசத்துக்கு ஒரு நாள் எங்க மச்சான் வூட்டுக்கு வந்துடுங்க."

இருவரும் பேசிக்கொண்டே முன்னால் போனார்கள். பின்னால் ரத்தினமும் அத்தாவுல்லா பாயும் மட்டும் நடந்தார்கள். ராஜகோபால் ஏதோ சொல்ல, சவுரி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பாயின் நடை வேகமானது. அவர்களை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறார் என்று ரத்தினத்துக்குப் புரிந்தது. ஓரக்கண்ணால் பார்த்தான். பாயின் தாடை இறுகியிருந்தது.

"இன்னா பாய், மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"ஒண்ணுமில்ல" என்றார் பாய். நாலு அடி நடந்தார். "அவ்வளவு சிரிக்கற மாதிரி அந்த வாத்தியார் என்ன சொல்லிட்டார்னு பார்க்கறேன்."

ரத்தினம் அவரை நன்றாகத் திரும்பிப் பார்த்தான். இத்தனை மாசத்தில் அந்த மனிதரைப் பிடித்துப்போனது அவனுக்கு அப்போதுதான். நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டு, பாயின் பக்கத்தில் ஒட்டி நடந்தான்.

"வா பாய், போய் இன்னான்னு கேப்போம்."